தண்ணீரைவிட விறைப்பான ஒரு குழாய்

1955இல் பிரிட்டனின் தேசியக் கடலியல் நிறுவனத்தில் ஜான் ஸ்வாலோ என்ற இயற்பியலாளர் அலுமினியக் குழாய்களைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். கட்டடம் எழுப்பும்போது சாரம் கட்டுவார்களே, அதற்கான சாதாரணக் குழாய்கள். கரைசலில் கிடக்கக் கிடக்க அவற்றின் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மெலியும். கணக்கிட்ட அளவுக்கு மெலிந்ததும் எடுத்துக் கழுவி, பேட்டரியும் ஒலியெழுப்பும் சிறு கருவியும் பொருத்தி, முனைகளை அடைத்துக் கடலில் விட்டார். குழாய் மூழ்கியது. ஆனால் கடலடிவரை போய்விடவில்லை. குறித்த ஓர் ஆழத்தில் நின்று, அங்கே ஓடும் நீரோடு தானும் நகரத் தொடங்கியது.

கல் மூழ்கும், கட்டை மிதக்கும். இரண்டுக்கும் நடுவே, ஆயிரம் இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு பொருளை அந்தரத்தில் நிறுத்துவது எப்படி? தண்ணீர் அமுங்காது என்று பள்ளியில் சொல்லித்தருவது தோராயமான உண்மைதான். கடலின் ஆழத்தில் தண்ணீர் அமுங்குகிறது. கொஞ்சம்தான், ஆனாலும் அமுங்குகிறது. அப்படி அமுங்காமல் இருந்திருந்தால் உலகின் கடல்மட்டம் இப்போதைவிட 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கும். ஆகவே கீழே போகப் போகத் தண்ணீரின் அடர்த்தி கூடுகிறது. குழாயும் அமுங்கும், ஆனால் தண்ணீரைவிடக் குறைவாக. மேற்பரப்பில் தண்ணீரைவிட இம்மியளவு கனமாக இருக்கும் குழாய் இறங்க இறங்க, சுற்றியுள்ள நீரின் அடர்த்தி குழாயின் அடர்த்தியை எட்டிப்பிடிக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் குழாய் நின்றுவிடும். அதற்கும் கீழே தள்ளினால் நீரே மேலே தூக்கிவிடும். சுவர் தடிமனாக இருந்தால் மூழ்கிப்போகும். அளவுக்கு மீறி மெலிந்தால் நசுங்கிப்போகும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு தடிமனுக்காகத்தான் காஸ்டிக் சோடா.

ஆழ்கடல் கருவிகளைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் மனிதர்களை ஏற்றிச்சென்ற தடித்த உலோகக் கோளங்களில் தொடங்குவார்கள். அவற்றின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் இந்தத் துறையை எனக்குப் புரியவைத்தது ஸ்வாலோவின் குழாய்தான். கடலின் இயல்பை முதலில் கணக்கிட்டு, பிறகு அந்த இயல்பையே தன் வேலையைச் செய்யவைத்த கருவி அது. ஆழ்கடலில் நின்று நிலைத்த தொழில்நுட்பங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தக் குழாய்க்கு உறவுமுறை என்றே நினைக்கிறேன். எங்கே எதிர்த்து நிற்பது, எங்கே இணங்கிப்போவது என்ற ஒரே கேள்விக்குக் கிடைத்த வெவ்வேறு விடைகள் அவை.

அழுத்தம்: எதிர்ப்பதா, உள்ளே விடுவதா

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ சுமை கூடும். கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டரில் 370 கிலோ. மரியானா அகழியில் இருக்கும் சேலஞ்சர் பள்ளத்தின் ஆழம் சுமார் 10,900 மீட்டர். அங்கே கட்டைவிரல் நகத்தின் பரப்பில் ஒரு டன்னுக்கும் அதிகமான சுமை அழுத்தும்.

அந்த ஆழத்திலும் உயிர்கள் வாழ்கின்றன. மெல்லிய தோல் கொண்ட சிற்றுயிர்கள் அங்கே நீந்துகின்றன, நசுங்குவதில்லை. அவற்றின் உடலுக்குள்ளும் அதே அழுத்தம்தான். ஒரு பொருளை நசுக்குவது உள்ளுக்கும் வெளிக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம். உள்ளே காற்றறை இருந்தால்தான் ஆபத்து. பொறியாளர்கள் இந்தப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆழ்கடல் இயந்திரம் ஒன்றின் மோட்டார், பற்சக்கரப்பெட்டி, மின்இணைப்புப் பெட்டி ஆகியவற்றைத் திறந்துபார்த்தால் உள்ளே எண்ணெய் நிறைந்திருக்கும். ஓரத்தில் நெகிழ்வான ஒரு ரப்பர் பை. கடல் அந்தப் பையை அழுத்த, பை எண்ணெயை அழுத்த, உள்ளும் வெளியும் சமமாகிவிடும். மெல்லிய தகட்டுப்பெட்டிகூட பத்தாயிரம் மீட்டர் ஆழத்தில் தாங்கும். கூடவே ஒரு சுருள்வில்லை வைத்து உள்ளழுத்தத்தைத் துளி கூட்டியே வைத்திருப்பார்கள். எங்காவது கசிந்தால் எண்ணெய்தான் வெளியே போகும், உப்புநீர் உள்ளே வராது.

எல்லாவற்றையும் இப்படி எண்ணெயில் மூழ்கடித்துவிட முடியாது. மின்னணுப் பலகையில் இருக்கும் சில பாகங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றிடம் ஒளிந்திருக்கும், அவை நசுங்கும். மனிதர் உள்ளே போவதென்றால் காற்றறை இல்லாமல் முடியவே முடியாது. அங்கே எதிர்த்துத்தான் நிற்கவேண்டும். எதிர்க்கத் தகுந்த வடிவம் கோளம். காரணம் எளிய கணக்கு. ஒரு கோளத்தை நடுவே வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடல் தள்ளும் விசையை வெட்டுவிளிம்பில் உள்ள உலோக வளையம் முழுவதும் பங்குபோட்டுத் தாங்குகிறது. அதே ஆரம், அதே தடிமன் உள்ள உருளையை நீளவாக்கில் வெட்டிக் கணக்குப் போட்டால், சுவரில் விழும் தகைவு, அதாவது உலோகத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கவேண்டிய விசை, சரியாக இரண்டு மடங்கு வருகிறது. உருளை செய்வது சுலபம், உள்ளே இடமும் அதிகம். ஆனால் ஆழம் அந்த வசதிக்கு இரட்டைக் கூலி கேட்கிறது.

1960 ஜனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் திரியெஸ்தே கலத்தில் சேலஞ்சர் பள்ளத்தின் அடியைத் தொட்டார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த எஃகுக் கோளத்தின் குறுக்களவு இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். சுவரின் தடிமன் 12.7 சென்டிமீட்டர். அதன் வெளிப்பரப்பு முழுவதிலும் கடல் வைத்த சுமையைக் கூட்டினால் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் வரும். அவ்வளவு கனமான கோளம் தானாக மேலே வராது. அதைத் தூக்குவதற்காக மேலே ஒரு பெரிய தொட்டி நிறைய பெட்ரோல் வைத்தார்கள், சுமார் 85,000 லிட்டர். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. திரவம் என்பதால் தொட்டிக்குத் தடித்த சுவர் வேண்டாம். கீழே கடலுக்குத் திறந்தே இருந்த மெல்லிய தகட்டுத் தொட்டி அது. ஆக, ஒரே கலத்தில் இரண்டு விடைகளும் இருந்தன: மனிதர்களுக்கு எதிர்ப்பு, மிதப்புக்கு இணக்கம். அதைவிட எனக்குப் பிடித்தது பாரத்தை வைத்திருந்த விதம். இரும்புக் குண்டுகளை மின்காந்தம் பிடித்துவைத்திருந்தது. மின்சாரம் நின்றுபோனால் பிடி தானே தளர்ந்து, குண்டுகள் கொட்டி, கலம் மேலே வந்துவிடும். பழுதே பயணிகளைக் காப்பாற்றும்படி அமைத்திருந்தார்கள்.

இன்று பெட்ரோல் போய் வேறொன்று வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய கண்ணாடிக் குமிழ்களைக் கோடிக்கணக்கில் எபாக்சிப் பிசினில் கலந்து கெட்டியாக்கினால், அழுத்தத்தைத் தாங்கி மிதக்கும் ஒரு செயற்கை நுரைக்கட்டி கிடைக்கிறது. ஒவ்வொரு குமிழும் ஒரு கோளம். ஆழ்கடல் ரோபோக்களின் மேல்பாகத்தில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெரியும் பருத்த கட்டி பெரும்பாலும் இதுதான். 2012இல் ஜேம்ஸ் கேமரன் தனியாகச் சேலஞ்சர் பள்ளத்துக்கு இறங்கிய கலத்தின் உடலில் பெரும்பகுதி இந்த நுரைதான். 2020 நவம்பரில் மூவரோடு 10,909 மீட்டரைத் தொட்ட சீனாவின் ஃபென்தௌச்ஜ வரை, அந்தப் பள்ளத்தின் அடியைத் தொட்ட மனிதர்கள் எல்லாரும் கோளத்துக்குள் உட்கார்ந்துதான் போனார்கள்.

2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் கலம் ஐந்து பேரோடு நொறுங்கியது. அதன் உடல் கார்பன் இழையால் சுற்றிச் செய்யப்பட்ட உருளை. இரு முனைகளிலும் டைட்டானிய அரைக்கோளங்கள் ஒட்டப்பட்டிருந்தன. கார்பன் இழை இழுவிசையைத் தாங்குவதில் கெட்டிக்காரப் பொருள். கயிற்றை இழுத்தால் தாங்கும், தள்ளினால் மடங்கும் அல்லவா? அமுக்குவிசையில் இந்த இழைகளுக்கும் அந்தப் பலவீனம் உண்டு. அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் அடுக்குகள் ஒவ்வொரு முறை அமுங்கி விரியும்போதும் நுண்ணளவில் பிரியக்கூடும். டைட்டானியம் களைப்படையும் விதத்தைப் பல பத்தாண்டுகளாக அளந்து வைத்திருக்கிறார்கள். தடித்த கார்பன் உருளைக்கு அப்படியோர் அனுபவ இருப்பு இல்லை. அந்தக் கலமோ, வெளியார் சோதித்துத் தரச்சான்று வழங்கும் வழக்கமான ஏற்பாட்டுக்குள் வரவே இல்லை. புதுப்பொருளைப் பயன்படுத்துவது தவறென்று நான் சொல்லவரவில்லை. எதிர்த்து நிற்பது என்று முடிவெடுத்த இடத்தில் பொருளின் வரலாற்றைத் தெரியாமல் ஆட்களை ஏற்றக்கூடாது. ஐந்து உயிர்கள் போன பிறகு இதை எழுதவேண்டியிருப்பது வலிக்கிறது.

காற்றறை நொறுங்கும்போது என்ன நடக்கிறது என்பதற்குக் கடலுக்கு வெளியே ஒரு சாட்சி உண்டு. ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே நியூட்ரினோ ஆய்வகத்தில், சுமார் 40 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டிக்குள் அரை மீட்டர் அகலக் கண்ணாடிக் குமிழ்விளக்குகள் போன்ற உணரிகள் ஆயிரக்கணக்கில் பொருத்தப்பட்டிருந்தன. 2001 நவம்பர் 12 அன்று அவற்றில் ஒன்று உடைந்தது. சுற்றியிருந்த தண்ணீர் அந்த வெற்றிடத்துக்குள் பாய்ந்து மோதியதில் எழுந்த அதிர்ச்சியலை பக்கத்து உணரியை உடைக்க, அது அடுத்ததை உடைக்க, சில நொடிகளில் 6,000க்கும் மேற்பட்டவை சிதறின. வெறும் சில வளிமண்டல அழுத்தத்தில் நிகழ்ந்தது இது. 2014 மே மாதம் கெர்மாடெக் அகழியில், சுமார் 9,900 மீட்டர் ஆழத்தில், அமெரிக்க ரோபோ நெரியஸ் காணாமல் போய்ச் சிதறல்கள் மட்டும் மேலே மிதந்து வந்தபோது, மிதப்புக்காக வைத்த பீங்கான் கோளங்களில் ஒன்று நொறுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை.

கலங்களைக் கட்டுபவர்களை அன்றாடம் தொந்தரவு செய்வது இத்தகைய பேரழிவுகள் அல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். இணைப்புகளில் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒட்டிக்கொண்ட ஒற்றைத் தலைமுடி, சரியாக முறுக்கப்படாத ஒரு மின்இணைப்பு, இவைதான் அதிகம் படுத்தும். விந்தை என்னவென்றால், கசிவு ஆழத்தைவிட மேல்நீரில்தான் அதிகம் நேரும். ஆழத்தில் கடலே ஓ-ரிங்கை அதன் பள்ளத்துக்குள் இறுக்கி அமர்த்திவிடும். மேலே அந்த உதவி கிடைக்காது. எதிர்க்கும் இடத்திலும் கடலின் உதவி வேண்டியிருக்கிறது.

ஒலி வளையும் பாதைகள்

ஸ்வாலோவின் குழாய் எங்கே போகிறது என்பதைக் கப்பல் தெரிந்துகொண்டது, குழாய் எழுப்பிய ஒலியைக் கேட்டு. அன்றைக்கு மட்டுமல்ல, இன்றும் வேறு வழி கிடையாது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் வானொலி அலைகளை விழுங்கிவிடும். ஜிபிஎஸ் சமிக்ஞை விரலளவு ஆழத்துக்குக்கூடத் தாக்குப்பிடிக்காது. வெளிச்சமும் 200 மீட்டருக்குள் ஏறக்குறைய தீர்ந்துபோகும். ஒலியோ காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில், நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர், தண்ணீரில் போகிறது; வெகுதூரமும் போகிறது. நீரில் ஒலியின் வேகத்தை நம்பத்தகுந்தபடி முதலில் அளந்தவர்கள் கொலாடனும் ஸ்டர்மும். 1826இல் ஜெனீவா ஏரியில் ஒரு படகிலிருந்து தண்ணீருக்குள் மணியடித்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தி வெளிச்சம் காட்டி, தூரத்துப் படகில் கேட்கும்வரை ஆன நேரத்தைக் கணக்கிட்டார்கள். நொடிக்கு 1,435 மீட்டர் என்று வந்தது.

ஆனால் கடலில் அந்த வேகம் ஓரிடத்தில் இருப்பதுபோல் மற்றோரிடத்தில் இல்லை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வேகம் நொடிக்கு நான்கு மீட்டர் அளவில் கூடும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் அழுத்தத்தால் சுமார் 17 மீட்டர் கூடும். உப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். வேகம் மாறும் இடத்தில் ஒலி நேராகப் போகாமல், வேகம் குறைந்த பக்கமாக வளையும். 1930களில் அமெரிக்கக் கடற்படையை ஒரு புதிர் குழப்பியது. ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு நீர்மூழ்கியைத் தேடும் கருவி சோனார். காலையில் நன்றாக வேலைசெய்த அது பிற்பகலில் மந்தமாகிவிடும். மதிய உணவுக்குப் பிறகு கருவியை இயக்குபவர்கள் கண்ணயர்ந்துவிடுகிறார்கள் என்றுகூடச் சந்தேகித்தார்கள். வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தைச் சேர்ந்த கொலம்பஸ் ஐசலின் தண்ணீரின் வெப்பத்தை அளந்துபார்த்துக் காரணத்தைச் சொன்னார். வெயிலில் மேற்பரப்பின் சில மீட்டர்கள் ஓரிரு டிகிரி சூடேறுகின்றன. அந்தச் சூடு ஒலியைக் கீழ்நோக்கி வளைத்துவிடுகிறது. நீர்மூழ்கி நிற்கும் இடத்தில் ஒலி விழாத ஒரு நிழல் உண்டாகிறது. நீர்மூழ்கியைத் தேடவேண்டுமானால் முதலில் கடலின் வெப்பத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று ஆனது. ஆழத்துக்கேற்ப வெப்பத்தைப் பதியும் கருவிகள் கப்பல்களில் ஏறியது அதனால்தான்.

அதே வளைவு ஒரு கொடையாகவும் அமைந்தது. மிதமான அட்சரேகைகளில் மேலிருந்து இறங்கும்போது நீர் குளிர்வதால் ஒலியின் வேகம் குறைந்துகொண்டே வரும். ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்குக் கீழே குளிர் மேலும் கூடுவதில்லை, அழுத்தம் மட்டும் கூடுகிறது. வேகம் மறுபடி ஏறும். நடுவில் வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு நிற்கிறது. அதில் பிறக்கும் ஒலி மேலே போனாலும் கீழே வளையும், கீழே போனாலும் மேலே வளையும். தரையிலோ மேற்பரப்பிலோ மோதித் தேயாமல் அந்த வாய்க்காலுக்குள்ளேயே ஓடும். 1944இல் மாரிஸ் யூயிங்கும் லாமர் வொர்செலும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சோவியத் நாட்டில் பிரெகோவ்ஸ்கிக் தனியாக இதே முடிவுக்கு வந்தார். 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே வெடித்த வெடிகளின் ஒலி, பூமிப்பந்தின் ஏறக்குறைய எதிர்ப்பக்கத்தில், சுமார் 20,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெர்முடாவில் பதிவானது. வந்துசேர மூன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

கடலியலாளர்கள் வால்டர் மங்கும் கார்ல் வுன்ஷும் 1979இல் இதைத் திருப்பிப்போட்டு யோசித்தார்கள். ஒலி வந்துசேரும் நேரம் வழியில் உள்ள நீரின் வெப்பத்தைப் பொறுத்தது என்றால், அந்த நேரத்தை அளந்தே வெப்பத்தைச் சொல்லலாமே? 5,000 கிலோமீட்டர் பாதை முழுவதும் சராசரியாக 0.01 டிகிரி சூடானால், ஒலி ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு முன்னதாக வந்துவிடும். கடிகாரத்துக்கு அது பெரிய வித்தியாசம். எந்தத் தெர்மாமீட்டரை எங்கே தொங்கவிட்டாலும் ஒரு பெருங்கடலின் சராசரியை இப்படி ஒரே வீச்சில் தந்துவிடாது. 1991இல் தென் இந்தியப் பெருங்கடலின் ஹெர்ட் தீவருகே மங்க் குழுவினர் எழுப்பிய ஒலி அமெரிக்காவின் இரு கரைகளிலும் கேட்டது. திமிங்கலங்களும் ஒலியால்தான் வாழ்கின்றன. அவற்றின் உலகத்துக்குள் நாம் உரக்கக் குரல் கொடுக்கிறோமே என்ற கேள்வியும் அப்போதிருந்து இந்தத் துறையை விட்டு அகலவில்லை. அகலவும் கூடாது.

பேச்சுத்தொடர்புக்கு ஒலி மோசமான ஊடகம். 11 கிலோமீட்டர் கீழே கேள்வி போய்ப் பதில் வர 15 நொடி. மேற்பரப்பிலும் கடலடியிலும் தெறித்து ஒரே செய்தி பலமுறை வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். அதிர்வெண்ணைக் கூட்டினால் அதிகத் தகவலை ஏற்றலாம், ஆனால் நீர் அதைச் சீக்கிரமே உறிஞ்சிவிடும்: பத்து கிலோஹெர்ட்ஸில் பல கிலோமீட்டர் போகும் ஒலி, சில நூறு கிலோஹெர்ட்ஸில் சில நூறு மீட்டரில் மங்கிவிடும். எனவே சில கிலோமீட்டர் தொலைவுக்கு நொடிக்குச் சில ஆயிரம் பிட் கிடைத்தாலே நல்ல இணைப்பு. ஒளிப்பட ஓட்டத்தை நேரலையில் பார்க்கவேண்டுமா, ஒளியிழை உள்ள கேபிளைக் கட்டித்தான் அனுப்பவேண்டும். ஜப்பானின் கைக்கோ ரோபோ 1995இல் சேலஞ்சர் பள்ளத்தைத் தொட்டதும் கேபிளோடுதான். 2003இல் கைவிட்டுப்போனதும் கேபிள் அறுந்துதான்.

குழாய்கள் கண்டுபிடித்தவை

ஸ்வாலோவின் குழாயை விட்ட இடத்துக்கு வருவோம். 1957இல் கடலியலாளர் ஹென்றி ஸ்டோமெல், வட அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டத்துக்கு அடியில் எதிர்த்திசையில் ஓர் ஆழ்நீரோட்டம் ஓடவேண்டும் என்று வெறும் கோட்பாட்டைக்கொண்டு சொல்லியிருந்தார். குழாய்களைப் போட்டுப்பார்த்தார்கள், ஆழத்தில் அவை தெற்கு நோக்கி நகர்ந்தன. இது கோட்பாட்டின் வெற்றி. அடுத்து வந்தது கோட்பாட்டைப் புரட்டிப்போட்டது. 1959, 60 ஆண்டுகளில் ஏரீஸ் என்ற சிறு பாய்மரக் கப்பலில் பெர்முடாவுக்கு மேற்கே குழாய்களைப் பின்தொடர்ந்தார்கள். திறந்த கடலின் ஆழத்தில் நீர் மிக மெதுவாக, ஒரே சீராக நகரும் என்பது அன்றைய நம்பிக்கை. குழாய்கள் நாலாபுறமும், எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடின. கப்பலால் அவற்றைத் துரத்திப்பிடிக்கவே முடியவில்லை.

அந்தக் குழப்பத்திலிருந்து பிறந்தது இன்றைய கடலியல். பெருங்கடல் முழுக்கச் சுழிகள். நூறு கிலோமீட்டர் அளவு அகலம், வாரக்கணக்கில் மாதக்கணக்கில் ஆயுள். வளிமண்டலத்தின் புயல்களுக்கு நிகராகக் கடலுக்குள் இருப்பவை அவை. கடல் நீரின் இயக்க ஆற்றலில் பெரும்பகுதி இந்தச் சுழிகளில்தான் இருக்கிறது. அதுவரை கப்பல்கள் ஆங்காங்கே நின்று எடுத்த அளவுகளில் இவை இரைச்சலாகத் தெரிந்து, சராசரியில் கரைந்துபோயின. நீரோடு போகத் தெரிந்த ஒரு கருவி வந்தபிறகுதான் நீர் எப்படிப் போகிறது என்றே தெரிந்தது.

அந்தக் குழாயின் பேரப்பிள்ளைகள் இன்று உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 இருக்கின்றன. ஆர்கோ மிதவைகள் என்று பெயர். ஆளுயர உருளை ஒன்று. உள்ளே கொஞ்சம் எண்ணெய், வெளியே ஒரு ரப்பர் பை. எண்ணெயைப் பைக்குத் தள்ளினால் மிதவையின் எடை மாறாமல் கன அளவு கூடும், மேலே வரும். எண்ணெயை உள்ளிழுத்தால் இறங்கும். சில நூறு மில்லிலிட்டர் எண்ணெயின் இடமாற்றம் இரண்டாயிரம் மீட்டர் பயணத்துக்குப் போதும். ஆயிரம் மீட்டரில் பத்து நாள் நீரோடு அலைந்து, 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து வெப்பமும் உப்பும் அளந்தபடி மேலேறி, செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கும். எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் தரவு. பூமி கூடுதலாகச் சேர்த்துக்கொண்ட வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடலுக்குள் போயிருக்கிறது என்று நாம் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு முதுகெலும்பு இந்த மிதவைகள்தான். கடலின் மேல் மூன்று மீட்டர் நீரே முழு வளிமண்டலத்துக்கு ஈடான வெப்பத்தைக் கொள்ளும் என்பதை நினைத்தால், காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு குறைப்பார்வை என்று புரியும்.

மிதவைக்கு இறக்கை வைத்தால் கிளைடர். இறங்கும்போதும் ஏறும்போதும் இறக்கை அந்தச் செங்குத்து நகர்வில் ஒரு பங்கை முன்னோக்கித் திருப்பும். பேட்டரியையே உள்ளே முன்னும் பின்னும் நகர்த்தி மூக்கைத் தாழ்த்தி உயர்த்துவார்கள். சுழலியே இல்லை. வேகம் நொடிக்குக் கால் மீட்டர்தான், ஆனால் அந்த மெத்தனமே அதன் பலம். தண்ணீரில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். மெல்லப் போகிறவன் தூரம் போவான். 2009இல் ஸ்கார்லெட் நைட் என்ற கிளைடர் நியூ ஜெர்சியிலிருந்து ஸ்பெயின் கரைக்கு 221 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது.

இன்னொரு கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. துருவங்களில் குளிர்ந்து கனத்த நீர் அடிக்குப் போகிறது. அது எங்காவது மேலே வந்தாகவேண்டும். இல்லையென்றால் ஆழ்கடல் குளிர்நீரால் நிரம்பித் தேங்கிவிடும். மேலே வருவதற்குச் சூடான நீரோடு கலக்கவேண்டும். எவ்வளவு கலக்கவேண்டும் என்று 1966இல் மங்க் கணக்கிட்டார். திறந்த கடலில் அளந்தவர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. அளப்பதே பெரிய பாடு. சென்டிமீட்டர் அளவிலான நீர்க்கொந்தளிப்பைப் பிடிக்கவேண்டும், கப்பலின் ஆட்டம் துளியும் கருவிக்குள் வரக்கூடாது. ஆகவே கயிறே இல்லாமல் கருவியைத் தானாக விழவிட்டார்கள். அடியை நெருங்கியதும் பாரத்தைக் கழற்றிவிட்டு மேலே வந்துவிடும். 1990களின் பிற்பாதியில் பிரேசில் படுகையில் இப்படி அளந்தபோது மீதிக் கலப்பில் பெரும்பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது: கரடுமுரடான கடலடி மலைகளுக்கு மேலே. ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், அந்த மலைகளின்மேல் நீரை இழுக்கும்போது கடலுக்குள்ளேயே அலைகள் எழுந்து, உடைந்து, நீரைக் கலக்குகின்றன.

அந்த மலைகள் எங்கே இருக்கின்றன என்பதே நமக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சோனார் கொண்டு நேரடியாக வரைபடமாக்கப்பட்ட கடலடி 2025 நடுவில் 27 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது. மிச்சத்துக்குச் செயற்கைக்கோள்தான் கதி: கடலடி மலையின் ஈர்ப்பு சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்க, மேற்பரப்பு இலேசாக மேடுதட்டும், அந்த மேட்டை வானிலிருந்து அளந்து கீழே மலை இருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். அழகான இயற்பியல், ஆனால் கிலோமீட்டர்க் கணக்கில் மங்கலான படம். 2005இல் அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி ஒன்று பசிபிக்கில், தன்னிடமிருந்த வரைபடத்தில் இல்லாத மலையில் முழு வேகத்தில் மோதியது. மாலுமி ஒருவர் இறந்தார்.

பனிக்கூரைக்கு அடியில்

மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்வது என்ற வசதியே இல்லாத இடமும் உண்டு. அண்டார்க்டிகாவின் மிதக்கும் பனித்திட்டுகளுக்கு அடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் பனி கூரையாக நிற்கிறது. அந்தப் பனியைச் சூடான ஆழ்நீர் அடியிலிருந்து எவ்வளவு வேகமாக உருக்குகிறது என்பது உலகின் கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்ற கணக்கில் மிகப் பெரிய நிச்சயமின்மை. உள்ளே போகும் ரோபோவுக்குக் கேபிள் இல்லை, ஜிபிஎஸ் இல்லை, பழுதானால் பாரத்தைக் கழற்றிவிட்டு மேலே வரவும் முடியாது; திரியெஸ்தேவைக் காப்பாற்றிய உத்தி இங்கே ரோபோவைக் கூரையில் ஒட்டவைத்துவிடும். தன் அசைவுகளைத் தானே கூட்டிக்கொண்டும், கடலடியிலோ பனியிலோ ஒலியை மோதவிட்டுத் தன் வேகத்தை அறிந்துகொண்டும் வழி கண்டுபிடிக்கவேண்டும். திரும்பி வந்தால்தான் தரவும் வரும்.

பிரிட்டனின் ஆட்டோசப் ஒன்று 2005இல் ஃபிம்புல் பனித்திட்டுக்கு அடியில் போய்த் திரும்பவில்லை. அடுத்து வந்த ஆட்டோசப் 3, 2009இல் பைன் தீவுப் பனியாற்றின் அடியில் புகுந்து, முன்பு பனி ஊன்றியிருந்த ஒரு கடலடி மேட்டைக் கண்டு திரும்பியது. பனி அந்த மேட்டிலிருந்து விலகியதும் சூடான நீர் உள்ளே பாய வழி திறந்தது என்று புரிந்தது. 2022இல் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தின் ரான் என்ற ரோபோ டாட்சன் பனித்திட்டுக்கு அடியில் 27 நாள் உழைத்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, சோனாரை மேல்நோக்கித் திருப்பிப் பனியின் அடிப்பக்கத்தைப் படமெடுத்தது. வழவழப்பாக இருக்கும் என்று நினைத்த இடத்தில் படிக்கட்டுகளும் மேடுபள்ளங்களும் இருந்தன. யாரும் அதுவரை பார்த்திராத, கண்ணீர்த்துளி வடிவக் குழிவுகளும் தெரிந்தன. பனி ஒரே சீராக உருகவில்லை, அடியில் ஓடும் நீரோட்டம் அதைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது.

அந்த வடிவங்கள் இரண்டு ஆண்டில் எப்படி மாறியிருக்கின்றன என்று பார்க்க 2024 ஜனவரியில் ரானை அதே இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒருமுறை உள்ளே போய்த் திரும்பிவந்தது. அடுத்த முறை போனபோது, சந்திக்கவேண்டிய இடத்தில் கப்பல் காத்திருந்தது, ரான் வரவில்லை.